சுட்ட கூட்டை எவ்வளவு அமுக்குவது? ரைஃபிள் தோட்டாக் கூட்டின் அளவு திருத்தம் குறித்து ஓர் எளிய விளக்கம்

சுடப்பட்ட ரைஃபிள் தோட்டாவின் வெறும் பித்தளைக் கூட்டை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தால், நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் உறுப்புகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே அதற்கும் போதும் என்று தெரியும். மேலே வாய், அதன் கீழே கழுத்து, கழுத்து விரியத் தொடங்கும் இடத்தில் சரிவான தோள், பிறகு நீண்ட உடல், முடிவில் தடித்த அடி. அடியின் நடுவில் உள்ள சிறு குழியில், பிரைமர் எனப்படும் பற்றவைக்கும் வில்லை உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்தக் கூட்டுக்கு ஒரு வடிவம் இருந்தது. சுட்ட பிறகு கையில் இருப்பது வேறு வடிவம். வெடிப்பின் அழுத்தத்தில் பித்தளை வெளிப்புறமாக விரிந்து, துப்பாக்கியின் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் எஃகு அறை, எப்படிக் குடையப்பட்டிருக்கிறதோ அந்த வடிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. அதே கூட்டில் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்த நினைப்பவர், விரிந்த கூட்டை முதலில் ஒரு டைக்குள், அதாவது உட்புறம் அளவாகக் குடைந்த எஃகு அச்சுக்குள், அமுக்கி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ரீசைஸிங் என்று அவர்கள் சொல்லும் இந்த வேலையை இக்கட்டுரையில் அளவு திருத்தம் என்று குறிப்பிடுகிறேன்.

நான் கோவை கணபதியில் ஒரு டூல் ரூமில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரஸ் டைகள் செய்தவன். துப்பாக்கியைத் தொட்டுப் பழகியவன் இல்லை. அரிசோனாவில் வேலை பார்க்கும் என் அக்காள் மகனுக்குக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபாடு உண்டு. அவன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, கார் ஷெட்டின் மூலையில் அவன் பொருத்தி வைத்திருந்த கைப்பிரஸ்ஸைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. தகட்டை இழுத்துக் கிண்ணமாக்கும் டையில் நாங்கள் நாள்தோறும் படும் பாடுதான் அங்கேயும் சின்ன அளவில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கோணத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு செய்தியை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவை மட்டுமின்றி அதன் பாகங்களையும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களையும்கூட தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. எனவே இங்கே உரிமம் இல்லாமல் ஒரு டையைச் செய்து பார்ப்பதுகூட விளையாட்டுக் காரியம் ஆகாது. நம் பக்கத்துப் பிள்ளைகள் போட்டிகளில் சுடும் ஏர் ரைஃபிளுக்குக் கூடே கிடையாது; .22 தோட்டாவின் கூட்டில் பற்றவைக்கும் பொருள் விளிம்பின் மடிப்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால் ஒருமுறை சுட்டதும் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரை, இவ்வேலை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்கும், உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய விரும்பும் பட்டறைக்காரர்களுக்கும் உரியது. மருந்தின் வகை, எடை ஆகியவற்றைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை; அவை மருந்து தயாரிப்பவர் வெளியிடும் அட்டவணையைப் பார்த்து மட்டுமே முடிவு செய்ய வேண்டியவை.

தோட்டாக் கூட்டுக்குப் பயன்படும் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் இருக்கும். இந்தக் கலவையைத் தேர்ந்ததற்குக் காரணம், கிழியாமல் நெடுக இழுபடும் குணமும், அமுக்கி விட்டால் சற்றே திரும்பி வரும் குணமும் இதில் ஒருங்கே அமைந்திருப்பதுதான். என் அக்காள் மகனிடம் இருந்தது .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் போல்ட் வகை ரைஃபிள், அதாவது அறையின் பின்வாயைக் கையால் தள்ளிப் பூட்டும் போல்ட் என்ற எஃகு உருளை உள்ளது. 1952 இல் சந்தைக்கு வந்த அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு அனுமதிக்கும் உச்ச அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் மடங்கு. அந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய சுவர் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நெருப்பும் வாயுவும் பின்பக்கம் கசியாமல் அடைத்துவிடுகிறது. அழுத்தம் இறங்கியதும் பித்தளை ஓர் இழை உள்வாங்குவதால்தான் கூட்டை வெளியே இழுக்க முடிகிறது; உள்வாங்காவிட்டால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு கம்பியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

இந்த உள்வாங்கலைத்தான் பட்டறையில் ஸ்பிரிங் பேக் என்கிறோம். எந்த உலோகத்தையும் சிறிதளவு வளைத்து விட்டால் முழுதாகப் பழைய நிலைக்கு வந்துவிடும்; ஓர் எல்லையைத் தாண்டி வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், ஆனால் அப்போதும் கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு திரும்பும் என்பது அது எத்தனை கடினமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடிபட்டு இறுகிய பித்தளை தோராயமாக ஆயிரத்தில் நான்கு பங்கு திரும்பும் என்று வைத்துக்கொண்டால், 12 மி.மீ. குறுக்களவுள்ள உடலில் அது 0.05 மி.மீ. அளவாகிறது. பழுக்கக் காய்ச்சி மென்மையாக்கிய பித்தளையோ அதில் கால் பங்குகூடத் திரும்பாது. அளவு திருத்தும் டையை, வர வேண்டிய அளவைவிடச் சற்றுக் குறுகலாகவே குடைவதற்கும் இதுவே காரணம்: டைக்குள் இருக்கும்போது கூடு மெலிந்திருக்கும், வெளியே வந்ததும் கொஞ்சம் ஊதிக்கொள்ளும். தகட்டை தொண்ணூறு பாகைக்கு மடக்க எண்பத்தெட்டு பாகைக்கு டை செய்கிறவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

அளவுகளைப் பற்றிப் பேசும் முன் ஒரு சொல்லை நினைவூட்டிவிடுகிறேன். நம் லேத்துப் பட்டறைகளில் பழைய ஆட்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகவும், அதைவிட நுண்ணிய வேலைக்கு ஆயிரம் தவ்வாகவும் பிரித்துச் சொல்வார்கள். ஒரு தவ் என்பது 0.0254 மி.மீ. அமெரிக்காவில் இந்த வேலை செய்வோர் பேசுவதெல்லாம் தவ்விலேயே என்பதால், மில்லிமீட்டரில் வளர்ந்த இளைஞர்களைவிட நமக்கே அது எளிதில் பிடிபடும். இங்கே முழுப் பிரச்சினையும் எட்டுத் தவ்வுக்குள் அடங்கியிருக்கிறது.

அந்த எட்டுத் தவ் எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஹெட்ஸ்பேஸ் என்ற கருத்து வேண்டும். தோட்டா அறைக்குள் முன்னே தள்ளப்படும்போது, ஏதோ ஓர் இடத்தில் முட்டி நிற்க வேண்டும். .308 போன்ற தோட்டாக்களில் முட்டி நிற்கும் இடம் தோள். பின்பக்கம் அதைத் தாங்கி நிற்பது போல்ட்டின் முகம். தோளில் குறிப்பிட்ட ஒரு வட்டத்திலிருந்து போல்ட்டின் முகம் வரை உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ். தோள் சரிவாக இருப்பதால் சரிவின் எந்த இடத்திலிருந்து அளப்பது என்ற கேள்வி எழும், அதற்காக .308 இல் 10.16 மி.மீ. குறுக்களவு வரும் வட்டத்தை அளவுக்கோடாக வைத்திருக்கிறார்கள். அறையில் இந்தத் தூரம் 41.40 முதல் 41.66 மி.மீ. வரை இருக்கலாம் என்பது விதி. அதாவது கடையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ரைஃபிள்களின் அறைகள், இரண்டுமே விதிக்கு உட்பட்டிருந்தும், ஒன்றுக்கொன்று பத்துத் தவ் வரை வேறுபட முடியும். எல்லாத் தோட்டாவும் தோளில் முட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய .303 தன் அடிவிளிம்பில் தொங்கி நிற்கும்; 1912 இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் அடிக்கு மேலே உள்ள ஒரு பட்டையில் நிற்கும். அவற்றுக்குக் கணக்கு வேறு என்பதால் இங்கே தோளில் நிற்பவற்றை மட்டும் பார்ப்போம்.

கூட்டின் தோளை அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? சுடும் ஊசி பிரைமரைக் குத்தும் விசையில் கூடு முன்னே நகர்ந்து தோளில் முட்டும். இப்போது கூட்டின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகிவிட்டது. அடுத்த நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அழுத்தம் ஏறுகிறது. உடலின் மெல்லிய முன்பகுதி அறைச் சுவரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தடித்த அடியால் அப்படி விரிந்து பிடிக்க முடியாது என்பதால் அது மட்டும் பின்னோக்கிப் போய்ப் போல்ட்டில் மோதுகிறது. பிடித்த பகுதிக்கும் நகர்ந்த பகுதிக்கும் இடையே, தடித்த அடி முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடத்தில், பித்தளை இழுபட்டு மெலிகிறது. மீண்டும் டையில் தோளைப் பின்தள்ளி மீண்டும் சுட்டால் மீண்டும் அதே இடம் மெலிகிறது. ஈரத்துணியைப் பிழிகிறவர்கள் இரண்டு கையும் பிடித்த இடத்தை விட்டு நடுவில்தான் துணி நைவதைப் பார்த்திருப்பார்கள். ஒருநாள் கூடு அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி அறைக்குள்ளேயே நின்றுவிடும்; சூடான வாயு பின்பக்கம், சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடும். கண்ணாடி இல்லாமல் இந்த விளையாட்டுக்குப் போகக் கூடாது என்று அங்கே வற்புறுத்துவது இதனால்தான்.

பிரிவதற்கு முன் கூடு நமக்கு எச்சரிக்கை கொடுக்கும். அடியிலிருந்து ஒரு விரற்கடைக்கும் குறைவான உயரத்தில், உடலைச் சுற்றிப் பளபளப்பான மெல்லிய வளையம் ஒன்று தோன்றும். டையில் அமுங்கிய தடமும் சில சமயம் அப்படித் தெரியும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் சிறிது செங்குத்தாக மடக்கி, அந்த நுனியைக் கூர்மையாகத் தேய்த்துக்கொண்டு, கூட்டின் வாய்வழியே உள்ளே விட்டு, உட்சுவரில் அழுத்தியபடி அடியிலிருந்து மேலே மெல்ல இழுக்க வேண்டும். மெலிந்த இடம் இருந்தால் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவது விரலுக்குத் தெரியும். என் அக்காள் மகன் நான்கு முறை சுட்டு வைத்திருந்த கூடுகளில் ஒன்றை எடுத்து நான் இப்படி இழுத்தபோது, கம்பி டக்கென்று நின்றது. அவன் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. அந்தப் பெட்டியிலிருந்த அத்தனையையும் சப்பையாக நசுக்கிப் பழைய உலோகத்துக்குப் போடச் சொன்னேன், தயங்காமல் செய்தான்.

அவன் செய்த தவறு என்னவென்றால், டையோடு வந்த தாளில் இருந்ததை அப்படியே கடைப்பிடித்ததுதான். பிரஸ்ஸின் கீழ்த்தண்டு கூட்டைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரோடு மேலே வரும். மேலே டை திருகப்பட்டிருக்கும். தண்டை முழுதும் உயர்த்தி, டை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகி, பிறகு இன்னும் எட்டில் ஒரு சுற்று முதல் கால் சுற்று வரை திருகு என்பது பொதுவாகத் தரப்படும் அறிவுரை. எந்தத் துப்பாக்கியின் அறைக்கும் பொருந்தும் கூடு கிடைக்க அது உதவும். அவன் அதற்கும் ஒருபடி மேலே போயிருந்தான். “எச்சா கொஞ்சம் சுத்தீட்டா நல்லா உக்காரும்னு நெனச்சனுங்க மாமா” என்றான். திருகு மறையைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். இந்த டைகளின் மறை ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு. ஒரு முழுச் சுற்றுக்கு டை 1.81 மி.மீ. இறங்கும், எட்டில் ஒரு சுற்றுக்கு 0.23 மி.மீ., ஒன்பது தவ். தொட்ட பிறகு இந்த இறக்கம் முழுவதும் கூட்டில் போய்ச் சேராது, பிரஸ்ஸின் உடம்பு வளைந்து அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும் என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு திருப்பும் அளவு அன்று இது.

நாங்கள் உட்கார்ந்து அளந்தோம். வெர்னியரின் தாடையில் பொருத்தும் கம்பேரேட்டர் என்ற சிறு உருளை விற்கிறார்கள். அதில் உள்ள துளை, தோளில் அந்த அளவுக்கோட்டு வட்டத்திலேயே உட்காரும். முதலில் சுட்ட கூட்டிலிருந்து பிரைமரைக் கழற்றிவிட வேண்டும். துளியளவு துருத்திக்கொண்டிருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். அதே ரைஃபிளில் சுட்ட ஐந்து கூடுகளை அளந்ததில் பெரும்பாலும் 41.54 மி.மீ. வந்தது. அவன் டை அமைப்பில் அமுக்கிய கூடுகள் 41.34 காட்டின. வித்தியாசம் 0.20 மி.மீ., எட்டுத் தவ். கவனிக்க வேண்டியது, 41.34 என்பது தோட்டாவுக்கான விதிக்குள்ளேயே இருந்தது. தரக் கட்டுப்பாட்டு ஆள் ஒருவர் வந்து பார்த்தால் அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த ரைஃபிளின் அறைக்கு அது குட்டை. விதிக்குச் சரியாக இருப்பதும் அறைக்குச் சரியாக இருப்பதும் வெவ்வேறு என்பதே அளவு திருத்தத்தில் ஒரு தொடக்கக்காரர் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்து. கூட்டின் தோளை, அது சுடப்பட்டு வந்த அளவிலிருந்து, போல்ட் வகைத் துப்பாக்கிக்கு ஒன்று அல்லது இரண்டு தவ் மட்டும் பின்தள்ளினால் போதும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைக்கு, தடையின்றிப் பூட்ட வேண்டும் என்பதால், மூன்று நான்கு தவ் தேவைப்படும்.

எனவே பின்தள்ளும் அளவில் 0.15 மி.மீ. குறைத்தாக வேண்டும். ஒரு சுற்றுக்கு 1.81 என்றால், 0.15 க்கு ஏறத்தாழ முப்பது பாகை, கடிகார முகப்பில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள தூரம். டையை முதலில் ஷெல் ஹோல்டரைத் தொட்டு மட்டும் நிற்கும்படி தளர்த்தி, அதன் தலையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து அந்த அளவு மேலே திருப்பி வைத்து, வேறொரு கூட்டை அமுக்கினோம். 41.49 வரும் என்று நான் உறுதியாகச் சொல்லியிருந்தேன். வந்தது 41.57. சுட்ட கூட்டைவிட நீளம்! என் அக்காள் மகன் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

சற்று யோசித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. கூடு டைக்குள் நுழையும்போது முதலில் இறுக்கப்படுவது உடல். நனைந்த மண்ணை உள்ளங்கைக்குள் வைத்துப் பிடியை இறுக்கினால் மேலே பிதுங்குவது போல, பக்கவாட்டில் நெருக்கப்பட்ட பித்தளைக்குப் போக்கிடம் மேல்நோக்கித்தான். ஆகவே தோள் முன்னே நகர்கிறது. டையின் தோள் வந்து அமுக்கும்போதுதான் அது திரும்பப் பின்னே போகும். இறக்கத்தை ஒரேயடியாகக் குறைத்தால், உடல் நெருக்கப்பட்டு, தோள் அமுக்கப்படாமல், சுட்டபோது இருந்ததைவிட நீளமான கூடு கிடைக்கும். அறைக்குள் போட்டால் போல்ட் பூட்டாது.  ஆகவே சரியான முறை, மேலேயிருந்து கீழே வருவது: டையைத் தாராளமாக உயர்த்தி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, அளவு முதலில் கூடிப் பிறகு குறையத் தொடங்கும் திருப்பத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பத்துப் பாகைக்கு இரண்டு தவ் என்ற கணக்கில் இலக்குக்கு வருவது. நாங்கள் மூன்று கூடுகளை இதற்கெனச் செலவழித்தோம். இலக்கு வந்ததும், தண்டு முழுதும் உயர்ந்த நிலையில், டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் இடையே ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய அளவுத் தகட்டை விட்டு இடைவெளியைக் குறித்து வைத்துக்கொண்டோம். மறுமுறை டையைக் கழற்றி மாட்டும்போது அந்தத் தகட்டை வைத்தே தொடங்கலாம். டையை அசைக்காமல், இரண்டிரண்டு தவ்வாக உயரம் கூடிய ஷெல் ஹோல்டர்களை மாற்றி மாற்றிப் போட்டு அளவைப் பிடிக்கும் வழியும் உண்டு. வசதி இருப்பவர்களுக்கு அதுவே சுலபம்.

ஒரே அமைப்பில் அமுக்கினாலும் கூட்டுக்குக் கூடு ஒரு தவ் முன்பின்னாக வருவது இயல்பு. ஒன்று கடினமாக இருக்கும், ஒன்று மென்மையாக இருக்கும். ஒன்றில் எண்ணெய் சற்றுக் கூடியிருக்கும். தண்டு உச்சியில் இருக்கும்போது நான்கைந்து நொடி நிறுத்தி வைத்து இறக்கினால் ஸ்பிரிங் பேக் குறைந்து அளவுகள் நெருங்கி வருவதைக் காணலாம். புதுக்கூடு ஒருமுறை சுட்டதுமே அறையை முழுதாக நிரப்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று முறைக்குப் பிறகே சில கூடுகள் முழு அளவுக்கு வரும். வேறு துப்பாக்கியில் சுட்ட கூடுகள் கலந்திருந்தால் அவற்றின் பழைய அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

இனி எண்ணெய். பிரஸ் பட்டறையில் எண்ணெய் தொடாமல் பஞ்ச்சை, அதாவது டைக்குள் இறங்கும் குத்தியை, இறக்கச் சொல்பவர் யாரும் இல்லை. ஆனால் இந்த வேலையில் தொடக்கக்காரர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கைத்துப்பாக்கிகளின் நேர்க்கூடுகளைக் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான டையில் எண்ணெய் இல்லாமலே அமுக்கலாம்; ரைஃபிள் கூடுகளுக்கோ எஃகு டையானாலும் கார்பைடு டையானாலும் மசகு வேண்டும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனலினை ஆல்கஹாலில் கரைத்துத் தெளிப்பார்கள், அல்லது மெழுகு போன்ற ஒன்றை விரல்நுனியால் உடலில் தடவுவார்கள். விரலில் பட்டதே தெரியாத அளவு இருந்தால் போதும். தோளில் மட்டும் தங்கக் கூடாது: எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், டைக்குள் அது ஓடிப்போக வழியின்றித் தோளில் குழி விழுந்துவிடும். குறைவாகப் போட்டால் வரும் கேடு இன்னும் பெரிது.

நான் போன இரண்டாம் நாள் அதுவும் நடந்தது. பாதித் தூரம் போன தண்டு நின்றுவிட்டது. அவன் பலமாக இழுத்தான். தண்டு கீழே வந்தது, ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிட, கூடு டைக்குள்ளேயே நின்றது. “உள்ளயே புடிச்சுக்கிச்சுங் மாமா.” “எண்ணெய் தொட்டியா கண்ணு?” “மொதப் பத்துக்குத் தொட்டனுங்க.” பதினோராவது கூடு அது. அடியில் பிரைமர் குழி வழியே துளையிட்டு, கால் அங்குல மறை வெட்டி, ஒரு கிண்ணம் போன்ற வளையத்தை இடையில் வைத்து, அந்த மறையில் ஒரு திருகாணியைத் திருக, கூடு அங்குலம் அங்குலமாக இறங்கி வந்தது. அதன் உடலில் நீளவாக்கில் கோடுகள் விழுந்திருந்தன. டையின் உட்சுவரில் பித்தளை ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துத் துடைத்த பிறகே அடுத்த கூட்டைத் தொடவிட்டேன். வேலை முடிந்ததும் எல்லாக் கூடுகளிலிருந்தும் மசகை முற்றிலும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்க் கூடு அறைச் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு விசையையும் போல்ட்டின் மேல் இறக்கும்.

தண்டு கீழே இறங்கும்போது கழுத்துக்குள் ஒரு சிறிய எஃகு உருண்டை இழுபடும். டை கழுத்தைத் தேவைக்கு அதிகமாகச் சுருக்கிவிடுவதால், அந்த உருண்டை உள்ளளவைத் திரும்ப விரித்து, குண்டைவிட ஏறத்தாழ இரண்டு தவ் குறைவாக நிறுத்தும். உருண்டை இழுபடும்போது கிரீச்சென்று ஒலி வந்தால் கழுத்தின் உட்புறம் வறண்டிருக்கிறது என்று பொருள். அப்படி வலித்து இழுத்தால் கழுத்து கோணும், தோளும் முன்னே வந்துவிடும். அளந்து அமைத்த இரண்டு தவ் இப்படிக் காணாமல் போவதை நான் பார்த்தேன். உள்ளே கிராஃபைட் தூள் தொட்ட சிறு பிரஷ்ஷை விட்டு எடுத்தாலே ஒலி நின்றுவிடும். அந்த உருண்டைக்குக் கீழே உள்ள ஊசிதான் பழைய பிரைமரைத் தள்ளுகிறது. பெர்டான் வகைக் கூடாக இருந்தால் நடுவில் துளை இருக்காது, இரண்டு சிறு துளைகள் பக்கவாட்டில் இருக்கும். அதில் போட்டு அமுக்கினால் ஊசி முறியும். வெளியே விழும் பிரைமரின் கரியில் ஈயம் உண்டு. சமையலறை மேசையில் இந்த வேலையைச் செய்யாமலிருப்பதும், கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராமலிருப்பதும் அவசியம்.

பலமுறை சுட்டு அமுக்கிய பிறகு கழுத்து இறுகிப்போய், அமுக்கினாலும் திரும்பிவிடும், இறுதியில் விரிசல் விடும். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் மருந்து தெரியும்: தட்டித் தட்டி இறுகிய பித்தளையை நெருப்பில் காட்டி இளக்கிக்கொண்டு மறுபடி தட்டுவார்கள். இங்கேயும் கழுத்தையும் தோளையும் சில நொடிகள் சுடரில் காட்டி இளக்குகிறார்கள். எஃகைப் போலப் பித்தளை தண்ணீரில் போட்டால் கடினமாகாது. போடுவதெல்லாம் சூடு கீழே பரவாமல் இருப்பதற்கே. அடிக்குச் சூடு போகவே கூடாது. இளகிய அடி அந்த 62,000 பவுண்டைத் தாங்காது. இதில் கைப்பக்குவத்தை நம்புகிறவரின் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன். இளக்குவதன் இன்னொரு பயன் நம் நாட்டு வரலாற்றிலிருந்தே தெரிய வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியப் படைகளின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரைலாயங்களை ஒட்டி வைக்கப்பட்டபோது கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்து மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், இழுத்த உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே இதைச் செய்கின்றன என்று 1921 இல் வெளியான ஆய்வு விளக்கியது; இளக்கினால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். மாட்டுக் கட்டுத்தரை வாடை அறிந்த நமக்கு அந்தக் காற்றின் காரம் தெரியும். ஆகவே அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் கூட்டுக்குப் போடக் கூடாது. புளி போட்டுக் குடம் விளக்கும் நம் வழக்கத்துக்கு ஒப்பாக, அங்கே நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் அலசுகிறார்கள். அது தீங்கு செய்வதில்லை.

அமுக்கும்போது நகர்ந்த பித்தளை கழுத்து வழியே நீளும் என்பதால், திருத்தம் முடிந்த பின்பே மொத்த நீளத்தை அளக்க வேண்டும். .308 இல் 51.18 மி.மீ. உச்ச அளவு, தாண்டினால் 50.93 க்கு வெட்டி, வாயின் பிசிறை எடுத்துவிடுவார்கள். கழுத்தை மட்டும் சுருக்கி உடலைத் தொடாமல் விடும் டைகளும் உள்ளன. கூட்டின் ஆயுள் கூடும் என்று சிலர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் சில முறை சுட்டதும் உடல் இறுகி, எப்படியும் ஒருநாள் முழுதாக அமுக்க வேண்டி வரும். அளந்து அமைத்த முழு டையே தொடக்கக்காரருக்கு ஏற்றது என்பது என் கருத்து.

எல்லா அளவும் எடுத்த பிறகும், இறுதித் தீர்ப்பை அறையே சொல்ல வேண்டும். என் அக்காள் மகன் போல்ட்டிலிருந்து சுடும் ஊசியையும் அதன் ஸ்பிரிங்கையும், கூட்டை வெளியே தள்ளும் சிறு கம்பியையும் கழற்றினான். அவை இருந்தால் அவற்றின் விசையே கைக்குத் தெரியும், கூட்டின் பிடி தெரியாது. பிரைமரும் மருந்தும் இல்லாத வெறுங்கூட்டைத்தான் போட்டுப் பார்ப்பது. அமுக்காத கூட்டைப் போட்டபோது போல்ட்டின் கைப்பிடி பாதியில் நின்று, தள்ளித்தான் இறங்கியது. 41.57 காட்டிய அந்தக் கூட்டுக்கு இறங்கவே மறுத்தது. டையை இறக்கி இறக்கி அளந்து 41.49 க்குக் கொண்டுவந்ததைப் போட்டான். கைப்பிடி கடைசி விரற்கடையில் மட்டும் சற்றே தயங்கி, பிறகு தன் எடையிலேயே கீழே விழுந்தது.